முன் சக்கரம் ஒன்று மட்டும் கொதிக்கிறதா? காரணம் கண்டுபிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரை நிறுத்திவிட்டு இறங்கினால் முன்பக்கம் ஒரு சக்கரத்தில் இருந்து மட்டும் அனல் அடிக்கிறது, கருகிய வாடையும் சேர்ந்து வருகிறது. மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனால் வண்டி ஆறியிருக்கும், ஜாக்கி போட்டதும் சக்கரம் ஜம்மென்று சுற்றும். "பேடு மாத்திடலாம் சார்" என்று முடித்துவிடுவார்கள். சில நாளில் மறுபடி அதே அனல். பார்க்க வேண்டியது சூடாக இருக்கும்போது, பார்த்ததோ ஆறிய பிறகு என்பதால் வரும் வினை இது.

கீழே உள்ள பதில்கள் ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஐ10 போன்ற கார்களை மனதில் வைத்து எழுதியவை. அதாவது முன்னால் டிஸ்க் பிரேக், பெரும்பாலும் பின்னால் டிரம், முன்பக்கம் ஒற்றை பிஸ்டன் கேலிபர் (பேடுகளை டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பாகம்), இழுவை முன் சக்கரங்களுக்கு.

முன் சக்கரம் சூடாவது இயல்புதானே?

இயல்புதான். காரின் வேகத்தைச் சூடாக மாற்றிக் காற்றில் விடுவதுதான் பிரேக்கின் வேலை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால் அந்த வேலையில் 60 முதல் 70 சதவீதம் முன் சக்கரங்கள் தலையில் விழுகிறது. நகர நெரிசலில் ஓட்டிவிட்டு வந்தால் டிஸ்க் 100 டிகிரியைத் தாண்டி இருப்பதும் உண்டு. கை வைத்தால் தோல் போய்விடும்.

அதனால் "எத்தனை டிகிரி" என்பது முதல் கேள்வி இல்லை. இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். இரண்டும் 120 என்றால் கவலை வேண்டாம். ஒன்று 60, மற்றது 180 என்றால் ஏதோ ஒன்று தவறு. இருபது முப்பது டிகிரி வித்தியாசத்துக்கெல்லாம் தூக்கம் கெட வேண்டியதில்லை.

வித்தியாசத்தை எப்படி அளப்பது?

பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டக்கூடிய சாலை ஒன்றைப் பாருங்கள். பைபாஸ், காலை நேரம் என்றால் நல்லது. எட்டு, பத்து கிலோமீட்டர் சீராக ஓட்டுங்கள். நிறுத்தும்போது முடிந்தவரை கியரைக் குறைத்து வேகத்தைக் கொண்டு வந்து, கடைசியில் ஹேண்ட்பிரேக்கால் மெதுவாக நிறுத்துங்கள். இந்தக் கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், முன் டிஸ்க்கின் கணக்கு கெடாது.

இறங்கியதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரண்டு முன் டிஸ்க்கிலும் ஒரே இடத்தை, ஒரே தூரத்தில் இருந்து அளக்கவும். பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி உண்மையான சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். ஆனால் இரண்டு பக்கமும் அதே மாதிரி குறையும் என்பதால் ஒப்பிடுவதற்குப் போதும். ஹப்பின் (சக்கரம் மாட்டியிருக்கும் நடுக்குடம்) நடுப்பகுதியையும் தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள், பேரிங் விஷயத்தில் அது உதவும்.

கருவி இல்லையா? சக்கரத்தின் ரிம் அருகே புறங்கையைக் கொண்டு போனாலே தெரியும். ரிம்மின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம், ஒரு பக்கம் மட்டும் சுர்ரென்று ஆவியானால் ஆளைப் பிடித்தாயிற்று. டிஸ்க்கைத் தொட வேண்டாம்.

இன்னொன்று, லேசான இறக்கத்தில் நியூட்ரலில் பிரேக்கை விட்டால் நல்ல வண்டி தானாக உருளும். உருளாமல் அடம் பிடித்தாலோ, ஓட்டும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, எங்கோ பிரேக் விடவில்லை.

சூடான சக்கரம்தான் பழுதான சக்கரமா?

பெரும்பாலும் ஆம். ஆனால் எப்போதும் இல்லை. இதை விட்டுவிட்டுப் பாகங்களை மாற்றிக் காசை விட்டவர்கள் நிறைய.

இடது பக்க பிஸ்டன் உள்ளேயே இறுகிக்கொண்டு வெளியே வரவே இல்லை என்று வையுங்கள். அந்தப் பக்கம் பிரேக்கே பிடிக்காது, டிஸ்க் குளிர்ந்தே இருக்கும். வலது பக்கம் இரண்டு பேர் வேலையைத் தனியாகச் செய்து கொதிக்கும். இங்கே நோயாளி குளிர்ந்த சக்கரம்தான்.

பிரித்தறிவது சுலபம். பிரேக் தொடாமல் ஓட்டியும் ஒரு பக்கம் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடவில்லை. பிரேக் அடித்து ஓட்டும்போது மட்டும் வித்தியாசம் வந்தால், குளிர்ந்த பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். வண்டி இழுக்கும் விதமும் இதையே சொல்லும். சும்மா போகும்போது சூடான பக்கம் இழுத்தால் பிரேக் விடவில்லை என்று அர்த்தம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கம் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

வழியில் புகையே வந்துவிட்டால்?

ஓரமாக, முடிந்தால் சமதளத்தில் நிறுத்துங்கள். நிறுத்திய பின் பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டாம், கொதிக்கும் பேடு டிஸ்க்கில் ஓரிடத்தில் ஒட்டிப் படியும். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு டிஸ்க் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடலாம். நம் ஊரில் யாராவது நல்ல மனசோடு பாட்டிலைத் திறந்துகொண்டு வருவார்கள், அவரைத் தடுப்பதும் உங்கள் வேலைதான். டயர் வெடிக்கலாம் என்பதால் பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். தீயே பிடித்தால் உலர்தூள் தீயணைப்பான். அது இல்லை என்றால் ஆட்களை இறக்கிவிட்டு விலகி நின்று 112-ஐ அழையுங்கள்.

ஆறியதும் ஓட்டிப் போகலாமா என்றால், பெடல் வழக்கம்போல் கெட்டியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பாஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி கட்டியிருக்கிறது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. இழுத்துக்கொண்டு போவதாக இருந்தாலும் முன் சக்கரம் தரையில் படாமல் ஏற்றிப் போகச் சொல்லுங்கள்.

கேலிபருக்குள் எது சிக்கிக்கொள்கிறது?

பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் சதுர ரப்பர் சீல் ஒன்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து லேசாக முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனை இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அவ்வளவு மெல்லிய வேலை என்பதால் கொஞ்சம் துரு, கொஞ்சம் அழுக்கு போதும், பிஸ்டன் திரும்பாது. பிஸ்டன் முனையில் தூசி தடுக்கும் ரப்பர் உறையான டஸ்ட் பூட் கிழிந்திருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான்.

அடுத்தது ஸ்லைடு பின். ஒற்றை பிஸ்டன் கேலிபர் இரண்டு பின்களின் மேல் பக்கவாட்டில் நகர்ந்தால்தான் வெளிப் பேடும் டிஸ்க்கைப் பிடிக்கும், விடும். நல்ல பின்னைக் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும், விட்டால் உள்ளே இருக்கும் காற்றால் லேசாகத் துள்ளும். கெட்ட பின்னைத் திருகி இழுத்தால்கூட வராது. வந்தாலும் பழைய கிரீஸ் தார் போல் காய்ந்து கருத்திருக்கும், பூட் கிழிந்த இடத்துக்கு நேராகப் பின்னில் ஒரு செம்பழுப்புத் துரு வளையம் தெரியும். உள் பேடும் வெளிப் பேடும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருந்தால் பின், பிஸ்டன் இரண்டையுமே சோதியுங்கள். தேய்மானத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

மூன்றாவது, பேடின் காதுகள் உட்காரும் பிராக்கெட். அங்கே துரு ஏறி மேடு கட்டினால் பேடு நகராமல் இறுகும். கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

பாகத்தை மாற்றாமல் காரணத்தை உறுதி செய்ய வழி உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சக்கரம் இறுகியிருக்கும்போதே பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, நியூட்ரலில் முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல டிஸ்க் பிரேக்கிலும் பேடு லேசாக உரசும் சத்தம் வரும், டிரைவ் ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றுவதால் கொஞ்சம் கனமாகவும் இருக்கும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். இரண்டு கையால் முக்கினாலும் நகரவில்லை என்றால் அதுதான் நாம் தேடும் நிலை.

இப்போது கேலிபரின் பின்னால் இருக்கும் பிளீடர் நிப்பிளில் (ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) ஒரு டியூபைச் செருகி, அதன் மறுமுனையை பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று திறக்கவும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஆயில் கொதிக்கக் கொதிக்க வரலாம். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும்.

திறந்த பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால் ஆயில் அழுத்தத்தின் மேல் பழியில்லை. பிஸ்டன், பின், பிராக்கெட் மூன்றில் ஒன்று சிக்கியிருக்கிறது. கேலிபரைக் கழற்றிப் பாருங்கள்.

ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரம் உடனே விட்டுவிட்டால் கேலிபர் நல்ல கேலிபர். பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது. அடைத்தது யார்? நிப்பிளை மூடி, பெடலை மிதித்து மறுபடி இறுகச் செய்யுங்கள். இந்த முறை ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில், ஹோஸுக்கு மேலே உள்ள நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடவில்லை என்றால் ஹோஸ்தான் பிடித்து வைத்திருக்கிறது. விட்டுவிட்டால் கோளாறு அதற்கும் மேலே, அதாவது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம், அபூர்வமாக ஏபிஎஸ் யூனிட்டில் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் பாகம்).

சோதனை முடிந்ததும் எல்லா இணைப்பையும் இறுக்கி, ஏர் எடுத்து (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி), பெடல் கெட்டியான பிறகே சாலைக்கு.

ஹோஸ் வெளியே நன்றாகத்தானே இருக்கிறது?

வெளியே பார்த்து எதுவும் தெரியாது. வயதான ஹோஸின் உள் ரப்பர் உப்பும், சில சமயம் உரிந்து ஒரு மடல் போல் நிற்கும். உங்கள் கால் கொடுக்கும் அழுத்தத்துக்கு வழி விடும், திரும்பி வர ஆயிலுக்கு அவ்வளவு பலம் இல்லை. சைக்கிள் டியூப் வால்வு மாதிரி ஒரு வழிப் பாதையாகிவிடும். சில நிமிடத்தில் மெல்லக் கசிந்து சக்கரம் தானாக விட்டுவிடும், அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் எதுவும் சிக்குவதில்லை.

என் நண்பரின் பழைய ஹேட்ச்பேக்கில் இதே கதை. பேடு மாறியது, கேலிபர் மாறியது, அனல் மாறவில்லை. கடைசியில் மேலே சொன்ன நிப்பிள் சோதனையில் ஹோஸ் மாட்டியது. கழற்றிய ஹோஸைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாத அந்த ரப்பருக்குள் துளை ஊசி நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. ஹோஸ் விலை கேலிபர் விலையில் ஒரு சிறு பகுதிதான். மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றுங்கள், இரண்டுக்கும் ஒரே வயது. காப்பர் வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

இரண்டு முன் சக்கரமும் ஒரே மாதிரி கொதிக்கிறது. அப்போது?

இரண்டு பக்கமும் ஒரே நாளில் கேலிபர் கெடுவது அரிது. மேலே போங்கள். முதலில் காலடியில் பாருங்கள். மேட் மடங்கி பெடலைத் தடுக்கிறதா? ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது கால் பெடல் மேல் ஓய்வெடுக்கிறதா? இரண்டாவதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கேளுங்கள். காலை எடுத்த பிறகும் பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் மாஸ்டர் சிலிண்டர். பெடல் முழுதாக மேலே வந்தால்தான் அதற்குள் இருக்கும் ஒரு சிறு துளை திறந்து, சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரில், மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு கொஞ்சம் நீளமாக அமைந்துவிட்டால் அந்தத் துளை மூடியே கிடக்கும். காலையில் வண்டி நன்றாகப் போகும். ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து, போக இடமில்லாமல் பேடை அழுத்தும். அது இன்னும் சூடாக்கும், இன்னும் விரியும். பெடல் கல் மாதிரி மேலேயே நிற்கும், வண்டி நகராது. அரை மணி நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். பூஸ்டரோ மாஸ்டர் சிலிண்டரோ மாற்றிய பிறகு இது ஆரம்பித்தால் வேறெங்கும் தேட வேண்டாம். இறுகிய நிலையில் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடிக்கும் இரண்டு நட்டையும் சில மில்லிமீட்டர் தளர்த்தி முன்னால் இழுத்துப் பாருங்கள். பிரேக் விட்டுவிட்டால் புஷ் ராடு அளவுதான் குற்றம்.

டப்பாவில் யாராவது இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீரிங் ஆயிலோ ஊற்றிவிட்டாலும் எல்லா ரப்பரும் உப்பி இதே அறிகுறி வரும். மூடியின் அடியில் உள்ள ரப்பர் ஊதி நெளிந்திருந்தால் அதுதான். அப்போது செலவு பெரிது, ரப்பர் உள்ள எல்லாப் பாகத்தையும் மாற்ற வேண்டும்.

புது பேடு போட்ட பிறகுதான் சூடாகிறது. ஏன்?

புது பேடு படிந்து உட்காரும் முதல் சில நூறு கிலோமீட்டர் கொஞ்சம் வாடையும் சூடும் இருக்கலாம், இரண்டு பக்கமும் சமமாக. ஒரு பக்கம் மட்டும் என்றால் மாட்டிய விதத்தைப் பாருங்கள். புது பேடு தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். அதுவரை வெளியே இருந்து துருப்பிடித்த பகுதி இப்போது சீலுக்குள் போய் இறுகியிருக்கும். விலை குறைந்த டூப்ளிகேட் பேடுகளில் காதுகள் அளவு மீறிப் பிராக்கெட்டில் முறுக்கி உட்காருவதும் உண்டு. கையால் தள்ளினால் பேடு நகர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் அந்த பேடு அங்கே போகக்கூடாது.

எந்த கிரீஸ் போடுவது?

ஸ்லைடு பின்னுக்கு பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் அல்லது செயற்கை கிரீஸ். ஒர்க்‌ஷாப் டப்பாவில் இருக்கும் சாதாரண பெட்ரோலிய கிரீஸ் அங்கே உள்ள ரப்பரை உப்ப வைக்கும், உப்பிய ரப்பர் பின்னைக் கவ்வும். "கிரீஸ் போட்டும் சிக்குது" என்பவர்கள் பலருக்கு, கிரீஸ் போட்டதால்தான் சிக்குகிறது.

பிரேக்கா, பேரிங்கா என்று எப்படிப் பிரிப்பது?

பேரிங் சூடு நடுவில், ஹப்பில் தொடங்கும். பிரேக் சூடு டிஸ்க்கில். பேரிங் கெட்டால் சூட்டுக்கு முன்பே சத்தம் வந்துவிடும். வேகம் கூடக் கூட "ஊ" என்று கூடும், வண்டியை ஒரு பக்கம் வளைத்தால் எடை மாறி அந்தச் சத்தமும் மாறும். ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷன் மூட்டு). பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு எண்ட் (ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு). பேரிங் கெட்டு அனல் அடிக்கும் அளவுக்கு வந்த வண்டியை மேலும் ஓட்டக் கூடாது.

மலை இறங்கும்போது மட்டும் வாடை வருகிறதே?

1000 கிலோ காரை 1000 மீட்டர் உயரம் இறக்கினால் வெளியாகும் ஆற்றல், அதே காரை 80 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து சுமார் 40 முறை நிறுத்துவதற்குச் சமம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் எந்தப் புது வண்டியும் வாடை அடிக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் நிலை. பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இருக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுதாக விடுங்கள். மின்சாரக் காரில் மோட்டாரே இழுத்துப் பிடிக்கும். ஆனால் மலை மேலேயே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டால் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும்.

இரண்டு சக்கரமும் சமமாகச் சூடாகி, அடிவாரத்தில் ஆறிவிட்டால் பழுது இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி, மாதக்கணக்கில் நின்ற வண்டி?

2015 சென்னை வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு எல்லோரும் இன்ஜினையும் சீட்டையும் பார்த்தார்கள். ஸ்லைடு பின்னின் ரப்பர் உறைக்குள்ளும் பேரிங் சீலுக்குள்ளும் புகுந்த சேற்றுத் தண்ணீர் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும். அப்படி நின்ற வண்டி என்றால் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்து, முன்பக்க ஸ்லைடு பின்களைத் துடைத்து கிரீஸ் போடுங்கள், பிரேக் ஆயிலை மாற்றுங்கள். கடற்கரை ஓரம் நிற்கும் வண்டிக்கு வருடம் ஒரு முறை இது தேவை.

பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டுமா?

ஒரு முறை கொதித்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். டாட் 3-க்கு இதே கணக்கு 205, 140. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றலாம், உங்கள் வண்டிக்கு எந்த வகை என்று டப்பா மூடியிலேயே இருக்கும். டாட் 5 என்பது சிலிகான் சரக்கு, மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

கேலிபர் கிட் போதுமா, முழு கேலிபரே வாங்கணுமா?

பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சீலும் டஸ்ட் பூட்டும் கொண்ட ரப்பர் கிட் சில நூறு ரூபாயில் முடியும். குழிகுழியாகத் துரு தின்றிருந்தால் பிஸ்டனை மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவது அடுத்த மழை வரைக்கும்தான். சிலிண்டர் சுவரில் சீல் உட்காரும் பள்ளமே அரித்திருந்தால் முழு கேலிபர், அது ஆயிரக்கணக்கில் போகும். பேடு எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். நீலம் பாய்ந்த, விரிசல் விட்ட டிஸ்க்கை ஆசைப்பட்டு வைத்துக்கொள்ள வேண்டாம்.

சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் செய்த அதே ஓட்டம், அதே சாலை, அதே மாதிரி ஹேண்ட்பிரேக்கில் நிறுத்தி இரண்டு பக்கமும் அளவு. அப்புறம் அமைதியான இடத்தில் 60-ல் இருந்து நான்கைந்து முறை நன்றாகப் பிரேக் அடித்துச் சூடாக்கி, சில கிலோமீட்டர் தொடாமல் ஓட்டி மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஆறியிருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால், டெலிவரி எடுக்கும் முன்பே மெக்கானிக்கையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு இந்த ஓட்டத்தைப் போய் வாருங்கள்.